துடைப்பதற்கு முன்

விடிவதற்குள் ஜன்னல் கட்டை கறுத்திருக்கும்.
நேற்று ராத்திரி துடைத்ததுதான்.
வடகாற்று என்றால் சாம்பல்,
லாரிகள் ஓடிய இரவென்றால் கரி.
எர்ணாவூரில் நிறத்தைப் பார்த்தே
காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவோம்.

பதினோரு வருஷம் திட்டிக்கொண்டே துடைத்தேன்.
துணியைப் பிழியும்போது
புகைபோக்கியின் ஏழு தலைமுறையையும் சேர்த்துப் பிழிவேன்.
பக்கெட் தண்ணீர் மையாகிவிடும்.
அதைக் கொட்டிவிட்டு, ஷேர் ஆட்டோ சாவியைத் தேடி,
படி இறங்கும்போதே முதல் சண்டை முடிந்திருக்கும்.
டோல்கேட்டுக்கு ஐந்தரை சவாரி.
இரண்டு மீன்கூடை, மூன்று நர்ஸ்,
தூங்கி விழும் ஒரு செக்யூரிட்டி.

போன மார்கழியில் ஒரு நாள் துணியைக் காணவில்லை.
தேடிக்கொண்டு நின்ற நேரத்தில்
சும்மா இருந்த விரல்
தூசியில் ஒரு கோடு இழுத்தது.
கோட்டுக்கு அடியில் பச்சை.
குடிவந்த வாரம் நானே அடித்த பெயின்ட்.
அது பச்சை என்பதையே மறந்துபோயிருந்தேன்.

அன்று முதல், துடைப்பதற்கு முன் ஒரு சொல்.
ஒன்றுதான். இரண்டு கூடாது.
யோசித்து எழுதக் கூடாது.
செல்போன் அடுப்படியிலேயே கிடக்கட்டும்.
பிரேக் ஷூ என்று எழுதியிருக்கிறேன்
(அது இரண்டு சொல் என்றால், இருக்கட்டும்).
வட்டி.
பேசாமல் போன தங்கச்சியின் பெயர்.
ஒரு காலையில் வெறும் ‘ம்’.
பிறகு இடமிருந்து வலமாக, மெல்ல,
எழுத்தின் வால் வரை ஈரத்துணி போய்ச் சேரும்.
அந்த ஒரு நிமிஷம்
எனக்கு யாரோடும் வழக்கில்லை.

பக்கத்து பால்கனி சகாயராணி பார்த்துவிட்டாள்.
“இன்னாக்கா, கரிக்குப் பூசை பண்றியா?”
சிரித்தேன்.
ஷைனி சிரிக்கவில்லை.
“அது விஷம்மா. தம்பி நெஞ்சுக்குள்ள
போய் உக்கார்றதும் இதுதான்.
நீ அதுல கையெழுத்துப் பழகு,
அவங்க ஊதிக்கினே இருக்கட்டும்.”

மூன்று நாள் பதில் சொல்ல முடியவில்லை.
மூன்று நாளும் ஒன்றும் எழுதவில்லை,
பழையபடி பரபரவென்று துடைத்தேன்.
திட்டவும் வரவில்லை,
அது எங்கேயோ கைவிட்டுப் போயிருந்தது.
உள்ளே சின்னவன்
நெபுலைசர் முகமூடிக்குள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் அவளையே எழுப்பினேன்.
நான் எழுதினேன், அவள் போட்டோ எடுத்தாள்.
தேதி தானாகவே பதிந்துகொண்டது.
ஒரு சிட்டிகை தூசி, மருந்துக்கடைக் கவரில்.
அப்புறம்தான் துணி.
செல்போன் கூடாதென்ற சட்டம் அப்படி உடைந்தது.
எண்பத்தாறு கவர் சேர்ந்ததும்
மனுவோடு குறைதீர் கூட்டத்துக்குப் போனோம்.
அதிகாரி படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்,
ஓரிடத்தில் நின்றார்.
“தேதி புரியுதும்மா.
இது ஏன் கத்திரிக்காய்?”
“அன்னிக்கு அதான் சார் வந்துச்சு.”
ஷைனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.
ஆனால் அவர்
கவர்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கி,
ரசீது கொடுத்தார்.
ரசீதுக்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை.

நாலு நாளாக மழை.
இன்று ஜன்னல் கட்டை முழுக்கப் பச்சை,
எழுத இடமே இல்லை.
ஷைனியை எழுப்பவில்லை.
பிழிந்த துணியைப் பிடித்துக்கொண்டு
அப்படியே நின்றேன்.
சொட்டு ஒன்று கம்பியில் நகர்ந்து,
யோசித்து,
இன்னொன்றோடு சேர்ந்து விழுந்தது.
கீழே ஹாரன்.
என் ஆட்டோவின் ஹாரன்தான்,
நர்ஸ் எல்சி உள்ளே ஏறி உட்கார்ந்து
அழுத்திக்கொண்டிருக்கிறாள்.
வர்றேன்டி, என்றேன்.
போகவில்லை இன்னும்.