ஐந்தாவது எண்

ஸ்லிப் டெஸ்ட் முடிந்தது.
தாளைப் பக்கத்தில் இருப்பவரோடு மாத்திக்கோங்க என்றார் மிஸ்.
மழை விட்டு இரண்டு நாள்.
கணேசபுரம் சுரங்கப்பாதையில் இன்னும் முட்டளவு தண்ணீர்,
வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை.
அதனால்தான்
குணசுந்தரியின் தாள் என்னிடம் வந்தது,
என்னுடையது அவளிடம் போனது.

எண்வழிப் பாதையை எழுதி விளக்குக.
வழிக்கு ஒன்றாக எட்டு மதிப்பெண்,
கையெழுத்துக்கு இரண்டு.

பதினோரு நாளுக்கு முன்னால் இதே பாடம்.
புத்தகத்துப் படத்தில் கண்மூடி இருந்தவருக்கு
என் தம்பி மீசை வரைந்திருந்தான்.
இரண்டு நிமிடம் மூச்சை மட்டும் கவனிங்க என்றார் மிஸ்.
எனக்குக் கால்வாய் வாடைதான் வந்தது,
லோகோ ஒர்க்ஸ் சங்கு ஊதியது,
ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.
குணா ஒருத்திதான்
உண்மையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கரும்பலகை.
நல்வாழ்க்கை என்றால் பிழைப்பு,
பிற உயிரை வருத்தாத பிழைப்பு.
செய்யக் கூடாத வியாபாரம் ஐந்து:
ஆயுதம், அடிமை, இறைச்சி, கள், நஞ்சு.

நான்தான் எழுந்தேன்.
"மிஸ், அப்ப ஆடுதொட்டியில வேலை செய்யறவங்க?"
கெட்ட எண்ணம் இல்லை. சந்தேகம்தான்.
அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.
நாற்பத்து மூன்று தலை
ஒரே பக்கம் திரும்பியது.
அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே
அது பரீட்சைக்கு வராது, உட்காரு என்றார்.

அவள் அப்பாவை எனக்குத் தெரியும்.
விடியற்காலை மூன்று மணிக்கு
ரப்பர் பூட்ஸோடு சைக்கிள் மிதிப்பவர்.
அம்மாவுக்கு ரத்தம் குறைவு என்று கேள்விப்பட்டு
ஈரலைத் தனியாகக் கட்டித் தந்தவர்,
காசு வேண்டாம் என்றவர்.

என் அப்பாவையும் எனக்குத் தெரியும்.
தண்டல் விடுகிறார்.
எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து
நூறு நாள், தினம் நூறு.
பூக் கட்டுகிற சாரதா அக்கா
எங்கள் வண்டிச் சத்தம் கேட்டால்
விளக்கை அணைத்துவிடுவாள்.
அந்த ஐந்தில் வட்டி இல்லை.
இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

சிவப்புப் பேனா கடன் வாங்கித் திருத்தினேன்.
நற்காட்சி, டிக். நல்லூற்றம், டிக்.
நல்வாய்மை, நற்செய்கை.
அடுத்து ஐந்து, ஒரு புள்ளி,
பிறகு வெறும் கோடு.
மறந்திருக்க முடியாது.
ஆறு சரியாக ஆறாகவே இருந்தது.
ஏழாவது நற்கடைப்பிடி:
செய்வதைக் கவனத்தோடு செய்தல்.
எடுத்துக்காட்டு,
கத்தியைக் கழுவும்போது
எங்கப்பா யாரிடமும் பேச மாட்டார்.

புத்தகத்தில் இது இல்லை.
டிக் போட்டேன், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

எட்டையும் முடித்து
ஐந்துக்குத் திரும்பி வந்தேன்.
தப்பு என்று போடலாம், ஒரு வழி குறைகிறது.
சரி என்று போட்டால்
எதைச் சரி என்கிறேன்?
முட்டை போட்டால் அது முட்டை மாதிரி இருக்காது,
அன்றைக்குத் திரும்பிய தலை மாதிரி இருக்கும்.

ஓரக்கண்ணால் பார்த்தேன்.
என் தாளில் அவளும் ஐந்தாவதில் இருந்தாள்.
ஐந்து வியாபாரத்தையும் வரிசை மாறாமல்
ஒப்பித்து வைத்திருந்தேன்.
இறைச்சி என்ற சொல்லுக்குக் கீழே
அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு, நிதானமாக,
வால் நீட்டி
ஒரு டிக்.

மணி அடித்தது. தாள்கள் கைமாறின.
எனக்குப் பத்துக்குப் பத்து.
திருத்தியவர்: வே. குணசுந்தரி.

அவள் தன் தாளை முன்னும் பின்னும் திருப்பினாள்.
ஏழாவதில் விரல் வைத்துத் தடவினாள்,
அழுத்தம் பின்பக்கம் புடைத்திருந்தது.

"கூட்டல நீ" என்றாள்.

பதினோரு நாளில் முதல் பேச்சு.
நான் பேனாவைத் தேடுகிற மாதிரி
டெஸ்க்குக்கு அடியில் குனிந்தேன்.