உப்பு அளவு

நான் பிறந்த எட்டாம் நாள்
பழைய முறைப்படி இலத்தீனில் ஏதோ சொல்லி
சுவாமி என் நாக்கில் உப்பு வைத்தாராம்.
துப்பவில்லை, சப்பினாய் என்று அம்மா சொல்லுவா.
அண்ணன் பொனிப்பாசுக்கு வைத்தபோது
கோயில் அதிரக் கத்தினானாம்.
எனக்குத்தான் பிறகு விசர் வந்தது.

பாசையூர்க் கரையில் முப்பது வருஷமாய்
கருவாட்டுக்கு உப்புப் போடுகிறேன்.
கட்டாவுக்கு எவ்வளவு, திருக்கைக்கு எவ்வளவு,
மாரியில் எத்தனை கைப்பிடி கூட,
எல்லாம் விரலுக்குத் தெரியும்.

தெல்லிப்பழையில் டொக்டர் பிள்ளை
வெள்ளைக் குளிசையைக் காட்டி
"இதுவும் ஒரு உப்புத்தான் அம்மா" என்றபோது
சிரித்துவிட்டேன்.
காரணமில்லாமல் சிரிக்கிறா என்று
கொப்பியில் எழுதியிருப்பா.

செபவீட்டில் சொன்னார்கள்:
தவக்காலம் முழுக்க உப்பில்லாக் கஞ்சி.
குளிசையை விடச் சொல்லவில்லை.
அதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை,
நான் சொல்லவுமில்லை.
அது கருவாட்டுச் சாக்குக்குப் பின்னால்
செருப்புப் பெட்டிக்குள் இருந்தது.
பகலில் சகோதரர் ஒபேதுக்குக் கீழ்ப்படிந்தேன்,
இரவில் டொக்டர் பிள்ளைக்கு.
இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளை.

பதினெட்டாம் நாள் மீன் வெட்டுகிற கத்தி
கையில் நிற்கவில்லை.
இருபத்தோராம் நாள் சத்தி.
நாக்குத் தடித்து
அருள் நிறைந்த மரியே
அருளிலேயே தடக்கி நின்றது.
கொட்டகை முழுக்க எழும்பி நின்று
"போகுது, போகுது" என்றது.
எது போகுதென்று எனக்கு விளங்கவில்லை.
மெற்றில்டா அக்கா என் தலையைப் பிடித்திருந்தா.
அவவின் கையும் நடுங்கினது.
எது என் நடுக்கம், எது அவவின்ரை என்று
பிரிக்க முடியாமல் கண்ணை மூடினேன்.

பொனிப்பாஸ் வலையை விட்டபடி விட்டுவிட்டு வந்தான்.
வழியெல்லாம் ஆண்டவரை ஒரு தரமும் கூப்பிடவில்லை,
ஓட்டோக்காரனைத்தான் தூஷணத்தில் விரட்டினான்.
எனக்கு அது மன்றாட்டுப் போலக் கேட்டது.

இரத்தம் எடுத்தார்கள். சேலைன் ஏற்றினார்கள்.
அதுவும் உப்புத் தண்ணியாம்.
மூன்றாம் நாள் டொக்டர் பிள்ளை
துண்டின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினா:
சாப்பாட்டு உப்பை விட்டால்
உடம்பு மற்ற உப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும்,
பிடித்தது நஞ்சாகும்.
ஆரையும் ஏசவில்லை.
"நோன்பு இருங்கோ அம்மா,
எனக்குச் சொல்லிப்போட்டு இருங்கோ."

கட்டிலில் கிடந்து யோசித்தேன்.
செபத்தைக் கொண்டு நான் ஒரு மீனுக்கும்
உப்புப் போட்டதில்லை.
செபம் சொல்லிக்கொண்டு போட்டிருக்கிறேன்.
இது தெரிந்த எனக்கு
அது தெரியாமல் போனதெப்படி?

இந்த வருஷம் நோன்புக்கு எதை விடுகிறாய்
என்று பங்கில் கேட்டார்கள்.
வெற்றிலை என்று சொன்னேன்.
செருப்புப் பெட்டியை என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை,
கரையோர ஒழுங்கையில் சிலுவைப்பாதை.
ஒன்பதாம் தலம், மூன்றாம் முறை விழுகிறார்,
நேரம் எட்டு.
சீலைத் தலைப்பில் முடிந்திருந்த குளிசை அட்டையை
மணலில் முழந்தாளில் நின்றபடி உடைத்தேன்.
அமைதிக்குள் அந்தச் சின்னச் சத்தம்
பெரிதாய்க் கேட்டது.
இரண்டு மூன்று தலை திரும்பின.
போத்தல் தண்ணியோடு விழுங்கினேன்.

பக்கத்தில் மெற்றில்டா அக்கா.
வெள்ளி இங்கே, ஞாயிறு செபவீடு,
அவவுக்கு இரண்டும் வேண்டும்.
மெழுகுதிரியைக் கைமாற்றிப் பிடித்தா,
பிடித்த கை இன்னும் நடுங்கினது.
பத்தாம் தலத்துக்கு எல்லாரும் எழும்பினார்கள்.
அவ எழும்பவில்லை.
திரியைப் பார்த்தபடி மெல்லக் கேட்டா:

"உது சாப்பாட்டுக்கு முன்னமோ,
பிறகோ?"