வலமிருந்து இடம்

ரவுட்டர் வாங்கியிருக்கேன் என்றதும்
மாடி வீட்டு அபிநிதி கேட்டாள்:
"பாஸ்வேர்டு என்னக்கா?"

இது அந்த ரவுட்டர் இல்லை.
இதற்குப் பல் உண்டு,
நிமிடத்துக்கு இருபத்துநாலாயிரம் சுற்று உண்டு.
கையில் பிடித்தால் தோள்வரை அதிரும்.
ஒரு மேசைக்கு அடியில்
தலைகீழாகத் தொங்கவிட்டால்
மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு
சொன்ன பேச்சு கேட்கும்.
அந்த மேசைதான் என் கவலை.

திருநகர் வந்து பதினோரு வருஷம்.
எங்கள் கார் ஷெட்டுக்குக் கார் வந்ததில்லை.
வந்தது கார் ஜாக்கி மட்டும்:
தெற்கு வெளி வீதிப் பழைய சாமான் கடை,
முந்நூற்றைம்பது ரூபாய்,
ரவுட்டரை ஏற்றி இறக்க.

பதினெட்டு எம்எம் பிளைவுட் இரண்டு,
பசை தடவி ஒன்றின்மேல் ஒன்று.
கிளாம்ப் போதவில்லை.
அரிசி மூட்டையை வைத்தேன்,
கேஸ் சிலிண்டரை வைத்தேன்,
பிறகு நானே ஏறி உட்கார்ந்து
முக்கால் மணி நேரம் போன் பார்த்தேன்.

மார்ச் பிறந்தது.
அபிநிதியின் அம்மா உமையாள் டீச்சர்
ப்ளஸ் டூ அட்டவணையை
ஷெட் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.
வாயால் ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு மூலைக்கும் செல்லோடேப்,
நடுவில் குறுக்காக இன்னொன்று.

அதனால் மோட்டார் இல்லை. உளி.
தமிழ்ப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி
அலுமினியத் தட்டு உட்காரப் பள்ளம் எடுத்தேன்,
ஆறு எம்எம்.
ஒரு மூலையில் ஆறரை போய்விட்டது.
யாரோ கிட்னி டாக்டரின் விசிட்டிங் கார்டை
வெட்டி அடியில் வைத்தேன்.
இன்னும் அரைக் கார்டு.
இன்னும் ஒரு சீவல்.

இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து
பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
வெளிச்சம் கசிந்தால் குழி.
பகலில் எனக்கு டயாலிசிஸ் வார்டு;
அங்கே குழாயில் ஒரு காற்றுக் குமிழி ஆகாது,
இங்கே ஒரு கீற்று.
கண் ஒன்றுதான்.

இயற்பியல் அன்று தடுப்பு:
ஸ்லைடிங் ஜன்னலின் மிச்சச் சட்டம்.
வேதியியல் அன்று சுவிட்ச்,
செத்துப்போன கிரைண்டரிலிருந்து
சிவப்பு மட்டும் உயிரோடு.

உயிரியல் முடிந்த மத்தியானம்
பரீட்சை அட்டையோடு நேராக ஷெட்டுக்கு வந்தாள்.
"போடலாமா?"
"போடுங்கக்கா."

அவனியாபுரத்தில் இறங்க வேண்டிய விமானம்
தெருவுக்குள் வந்துவிட்டதென்று
எதிர்வீட்டு நாய் நம்பியது.

வேப்பங்கட்டை ஒன்றை எடுத்து
எழுதுகிற திசையில் தள்ளினேன்,
இடமிருந்து வலம்.
கட்டை என்னிடம் கேட்கவில்லை.
பறந்தது. சுவரில் அடித்து
பக்கெட்டுக்குள் விழுந்தது.

சுவிட்சை அணைத்து
என் விரல்களை எண்ணினேன்.
அவளும் எண்ணினாள்.
இரண்டு பேருக்கும் பத்து வந்தது.

பிட் விற்ற அன்றைக்கே
நெல்பேட்டை நைனார் முகமது
பில்லின் பின்னால் ஓர் அம்பு போட்டுக் கொடுத்தான்.
"தலைகீழாத் தொங்கினா திசையும் தலைகீழ்க்கா,
நாங்க ஓதுற எழுத்து மாதிரி
வலப்பக்கத்துல இருந்து வாங்க" என்றான்.
நான் அப்போது
நாற்பது ரூபாய் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பில்லை வாரண்டிக்காகப் பத்திரமாய் வைத்திருந்தேன்,
முன்பக்கம் தெரிய.

வலமிருந்து இடம்.
பல் எதிர்த்தது, கை உணர்ந்தது,
எதிர்ப்பதால்தான் கட்டை நின்றது.
வேம்பின் கசப்பு தொண்டைவரை இறங்க
விளிம்பு நெடுக ஓர் உருண்டை வந்தது,
கன்னம் மாதிரி.

அபிநிதி மேலே ஓடி
ஸ்க்ரூவைக் கழற்றித்
தன் படிக்கிற மேசைப் பலகையையே
தூக்கிக்கொண்டு வந்தாள்.
இரண்டு வருஷமாக
அதன் கூர் விளிம்பு அவள் முன்கையில்
ஒரே இடத்தில் போட்ட கோடு
இன்னும் சிவப்பாக இருந்தது.

உருட்டினோம். நான்கு பக்கமும்.
"பரீட்சைதான் முடிஞ்சிருச்சே,
இனி எதுக்குடி இது?"

"மே மாசம் நீட் இருக்கேக்கா."

படியில் செருப்புச் சத்தம்.
உமையாள் டீச்சர்.
கையில் செல்லோடேப்.