முழுப் பட்டை

தொண்ணூறடி ரோட்டில் என் மருந்துக்கடை.
கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல்.
பதினோரு வருடமாக
வெள்ளிப் பட்டைகளைத் தின்று கொழுத்தது.

"ரெண்டு குடுங்கக்கா.
மிச்சம் சனிக்கிழமை."
தோல் பட்டறை வாசனையோடு நீளும் கை.
காய்ச்சல் அவனுக்கா பிள்ளைக்கா என்று
கேட்பதற்குள் பின்னால் இன்னும் மூன்று கைகள்.
நறுக். ரெண்டு.
நறுக். ஒண்ணு.
ஐந்தில் இரண்டு மட்டும் விழுங்கிய உடம்பில்
சாகாமல் மிஞ்சும் கிருமி
என்ன பாடம் படித்துக்கொள்ளும்?
பார்மசி பரீட்சையில் இது
எட்டு மதிப்பெண் கேள்வி.
எட்டும் வாங்கினேன்.

சந்தனமாரி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
என் பெஞ்சில் உட்கார்ந்தவள்,
ஒரு நாள் கல்ச்சர் ரிப்போர்ட்டை நீட்டினாள்,
மளிகைச் சீட்டை நீட்டுவதுபோல.
இடப்பக்கம் மருந்துகளின் பெயர்.
வலப்பக்கம் ஒரே எழுத்து.
ஆர். ஆர். ஆர். ஆர்.
கேட்காது, கேட்காது, கேட்காது என்று
மேலிருந்து கீழ்வரை.
"இதுல எதுடி நல்லாருக்கும்?"
திரும்பி அலமாரியைப் பார்த்தேன்.
மூன்று சுவர் நிறைய மருந்து.
அவளுக்கு மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.
சயான் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள்.

அதன் பிறகு நான் வெட்டவில்லை.
"முழுப் பட்டை வாங்கு. இல்லன்னா வேண்டாம்."
தோல் பட்டறைக்காரன் திட்டவில்லை.
ரோட்டைக் கடந்தான்.
எதிரில் மிஸ்ரா மெடிக்கல்.
நறுக் என்றது எனக்குக் கேட்டது,
அத்தனை ஹாரனையும் தாண்டி.
அந்த வாரம் என் கல்லா மட்டும் இளைத்தது.

உலகத்துக்கு வரப்போகும் ஆபத்துகளைப் பற்றி
நீளமான மேசைகளில் பேசுகிறார்களாம்.
உருகும் பனி, அணுகுண்டு,
தானே யோசிக்கும் இயந்திரம், அடுத்த கொள்ளைநோய்.
ஒவ்வொரு நாடும் பக்கத்து நாட்டைக் காட்டி
அவன் நிறுத்தட்டும், நானும் என்கிறதாம்.
டிவியில் பார்த்தபோது
எனக்கு மிஸ்ராவின் முகம் தெரிந்தது.
மிஸ்ராவுக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

ஞாயிறு மதியம்
ரோட்டை நான் கடந்தேன்.
திருநெல்வேலி இந்தியும் போஜ்புரி இந்தியும்
முக்கால் மணி நேரம் சண்டை போட்டன.
டீ ஆறிப் போய், வேறு டீ வந்தது.
"தினக்கூலிக்காரன் முழுசா எப்படி வாங்குவான், சொல்லு?"
நியாயமான கேள்வி.
என் எட்டு மதிப்பெண் விடையில்
அந்த வரியே இல்லை.

அப்படித்தான் வந்தது நோட்டு.
டாக்டர் சீட்டு இருந்தால் முழுப் பட்டை இன்று,
காசு சனிக்கிழமை தோறும் கொஞ்சம்.
சீட்டு இல்லாதவருக்கு
முனிசிபல் டிஸ்பென்சரிக்கு வழி.
ஏமாந்தால் நஷ்டம் எல்லாக் கடைக்கும்.
நசீம் பாய் சேர்ந்தார்.
கும்பார்வாடா முனையில் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.
ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்.
இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்,
அவர் வாசலில் எப்போதும் கூட்டம்.

ஜூலை மழையில் முழங்கால் தண்ணீர்.
வீட்டுக்கு வீடு காய்ச்சல்.
மிஸ்ரா இரண்டு முறை வெட்டினார்.
நனைந்துகொண்டே வந்து அவரே சொன்னார்.
நான் ஒரு முறை வெட்டினேன்.
அதை இப்போதுதான் சொல்கிறேன்.

நோட்டில் நாற்பத்தேழு பெயர்.
ஒன்பது பேர் திரும்பி வரவில்லை.
கத்தரிக்கோல் பால் பாக்கெட் வெட்டுகிறது,
சில நாள் என் கையைப் பார்க்கிறது.

தோல் பட்டறைக்காரன் பெயர் பேச்சிமுத்து.
இத்தனை வருடத்தில்
நோட்டில் எழுதும்போதுதான் கேட்டேன்.
சனிக்கிழமை வந்தான். இருபது ரூபாய் வைத்தான்.
அதன் மேல் காலிப் பட்டையை வைத்தான்,
ஐந்து குழியும் உடைந்தது,
சிலேட்டைக் காட்டும் பிள்ளை மாதிரி.
நான் அதைக் கேட்கவே இல்லை.