இடப்பக்கம்

பழைய பேங்க் டைரி ஒன்று வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் விற்கிறவர்கள்,
வலப்பக்கம் வாங்குகிறவர்கள்.
வலப்பக்கம் நிறைந்து
ஓரத்திலும், அமாவாசை என்று அச்சடித்த இடத்திலும்
பெயர்கள் தொற்றி நிற்கின்றன,
சாயங்காலம் ஜங்ஷனில் கிளம்பும் டவுன் பஸ்ஸின்
படிக்கட்டுக்காரர்கள் மாதிரி.
இடப்பக்கம் ஒரே வரி:
தச்சநல்லூர். ஆவுடையப்பன். ஒன்றே முக்கால் சென்ட்.
ஒத்தை ரூம், ஒத்தைச் சுவர். பத்தொன்பது லட்சம்.

பத்தொன்பதுக்கு இந்த ஊரில் வீடு கிடையாது.
மனை உண்டு,
கங்கைகொண்டான் தாண்டி, பஸ் நிற்காத பொட்டலில்.
வேனில் கூட்டிப் போய்ப் பிரியாணி போடுவார்கள்.
பிரியாணிக்குள் படுத்து உறங்க முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வந்தார்கள்.
ஒருவர் வாசல் தெற்கு என்று முகம் சுளித்துவிட்டு
விலையை மறுபடி கேட்டார்.
ஒருவர் சுவரை முட்டியால் தட்டினார், டாக்டர் மாதிரி.
புஷ்பகனி நேரே அடுக்களைக்குப் போய்
குழாயைத் திறந்து
மனசுக்குள் ஏதோ எண்ணி
மூடினாள்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.
புருஷனுக்கு லோடு ஆட்டோ.
பேங்க்காரர்கள் பதினாலு தருவார்கள்,
மிச்சத்தில் பாதி கழுத்தில், பாதி அடகுக்கடையில்.
'இதுவரைக்கும் குடுத்த வாடகையைக் கூட்டிப் பாத்தேன் அண்ணாச்சி,
ஒரு ரூமும் நடையும் வருது' என்றாள்.
ஐம்பதாயிரம் அட்வான்ஸ், வெற்றிலை பாக்கோடு.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
சுத்தம்.
பட்டாவில் அப்பா பெயருக்கு ஒரு கால் குறைந்திருந்தது,
அந்தக் காலுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு
என் கால் ஒன்பது தடவை நடந்தது.
கடைசியில் வில்லங்கம் இருந்தது ஆவுடையப்பனிடம்:
'வித்துட்டு நான் எங்க போவேன் வேய்?'

அவருக்குப் பெருமாள்புரத்தில் மூன்று ரூம் வேண்டும்.
பெருமாள்புரம் ஜெபராஜ் சாருக்கு
சென்னையில் மகன் பக்கத்தில் போகவேண்டும்.
மகன் பணம் கட்டிய பிளாட்
ஏழு மாடி எழும்பி
ஆறு வருஷமாக லிப்டுக்குக் காத்துக் கிடக்கிறது.
அங்கே ஒரு லிப்ட் ஓடினால்
இங்கே ஒரு குழாய் புஷ்பகனிக்குத் திறக்கும்.
ஒருத்தர் இறங்கினால்தானே ஒருத்தர் ஏற.

இதற்கு நடுவில் தென்காசியிலிருந்து ஒரு போன்.
இருபத்திமூன்று, மொத்தமும் ரொக்கம், நாளைக்கே முடிக்கலாம்.
இடித்துவிட்டுக் கார் நிறுத்தப் போகிறாராம்.
ரெண்டு சதவீதக் கணக்கு எனக்குத் தெரியாதா?
மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டவேண்டிய வாரம்.
'பேசிட்டுச் சொல்லுதேன்' என்றேன்.
பேசவில்லை.
என்னை நல்லவன் கணக்கில் சேர்க்கவேண்டாம்.
ரெண்டு நாளும் அந்த நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் நாள் அவரே
ஆவுடையப்பன் வாசலில் போய் நின்றுவிட்டார்.

அவருக்கும் கிடைக்கவில்லை.
'இன்னைக்கு இருபத்திமூணுன்னா
அடுத்த ஆனிக்கு முப்பது போவும்லா.
நான் விக்கல.'
அட்வான்ஸைத் திருப்பித் தந்தார், ஆயிரம் கூட வைத்து.
மறுவாரம் தெருவில் கம்பியும் ஜல்லியும் இறங்கின.
மாடியில் ஒரு ரூம் எடுக்கிறார்.

காலை ஏழரை, ஆஸ்பத்திரி வாசல்.
கண் சிவந்து வெளியே வந்தவளிடம் பணத்தைக் கொடுத்தேன்.
எண்ணினாள்.
'ஆயிரம் கூட இருக்கே?'
'வட்டின்னு வச்சுக்கோம்மா.'
அவள் பார்க்கவே இடப்பக்கத்து வரியை அடித்தேன்.
பேனா மை பிடிக்கவில்லை, ரெண்டு தடவை இழுக்கவேண்டியிருந்தது.
ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே போகிறவரைக்கும்
ரெண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.

பிறகு கேட்டாள்:
'மாடி ரூமை வாடகைக்கு விடுவாராமா அண்ணாச்சி?
அந்த வீட்டுல தண்ணி நல்லா வருது.'