யார் என்ற கட்டம்

சூளகிரி மலை பஸ் ஜன்னலில் வந்து போனால்
இன்னும் பத்து நிமிடத்தில் கம்பெனி கேட்.
நான்காவது லைனுக்கு லீடராகி
இன்றோடு பதினேழு நாள்.
சட்டையில் காலர் மட்டும் நிறம் மாறியிருக்கிறது,
சம்பளத்தில் எண்ணூறு ரூபாய்.
போன மாதம் வரை என் டப்பாவில் கைவிட்டுத் தின்ற நாகவேணி
இப்போது கேட்டுவிட்டு எடுக்கிறாள்.

லீடர் ஆவது எப்படி என்று
ஓசூர் ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு.
ஏசி, பனீர், ஆளுக்கொரு பேனா.
நூல் பந்தை ஒருவர்மேல் ஒருவர் எறியச் சொன்னார்கள்.
இருபது பேரும் வலையாகி நின்றோம்.
"பாருங்க, இங்க யாரும் தனியா இல்ல."
கை தட்டினோம்.
டீக்குப் போய்த் திரும்பினால்
தரை துடைக்கிறவர் அதைக் கத்தரித்துக்
கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

லைனில் ஒரு கயிறு இருக்கிறது. மஞ்சள்.
தலைக்கு மேலே
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.
தப்பு தெரிந்தால் யாரும் இழுக்கலாம்.
தமிழில், கன்னடத்தில், இந்தியில் எழுதியிருக்கிறது.
தெலுங்குக்காரருக்குப் படம்.
சந்தாலி பேசுகிறவளுக்கும் அதே படம்.
யாரும் இழுத்ததில்லை.
பக்கத்தில் ஒரு பலகை:
எத்தனை நிமிடம் நின்றது, ஏன், யார்.
யார் என்ற கட்டத்தில் ஏறிய பெயர்
மாதக் கடைசிவரை இறங்காது.

மார்கழி. இரவு ஷிப்ட். மூன்று பத்து.
ஏழாவது இடத்தில் பூல்மணி ஹேம்ப்ரம்.
ஒரு ஸ்கூட்டருக்கு நான்கு போல்ட்.
முறுக்கும் துப்பாக்கியை அழுத்தினால் திரையில் பச்சை.
பச்சை என்றால் சரி.
அவளோ மூன்றாவது போல்ட்டில் மட்டும்
தலையைச் சாய்க்கிறாள்,
கதவுக்கு வெளியே யாரோ கூப்பிட்டதுபோல.

என்ன?
"குச் நஹி, தீதி."
வழக்கமாக இந்த இடத்தில் நகர்ந்துவிடுவேன்.
அன்று நகரவில்லை.
கால் வலித்தது என்பதும் காரணமாக இருக்கலாம்.

என் கையை எடுத்துத் துப்பாக்கிமேல் வைத்தாள்.
டக்.
டக்.
டஃ.
"டீலா" என்றாள்.
"வதுலு" என்றான் திம்மராயன், எட்டிப் பார்த்து.
"சடில" என்றாள் நாகவேணி.
எனக்கு வந்தது "லூசு".
திரை மட்டும் தனியாகப் பச்சையில் நின்றது.

எத்தனை நாளாக?
மூன்று விரல்.
ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் பார்வை பலகைக்குப் போய் வந்தது.

கண்டவளே இழுக்கட்டும் என்றுதான் வகுப்பில் சொன்னார்கள்.
அவள் கான்ட்ராக்ட்.
நான் இழுத்தேன்.

எல்லாம் நின்றபோதுதான் தெரிந்தது
ஹைவேயில் போகும் லாரி
இங்கே உள்ளே வரை கேட்குமென்று.
திம்மராயன் கையைத் தொங்கவிடத் தெரியாமல்
துடைத்த மேஜையையே துடைத்தான்.

நாற்பத்தொரு நிமிடம்.
மூன்று இரவின் வண்டிகள் யார்டிலிருந்து
ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டு உள்ளே திரும்பின.
யார்: மாதேஸ்வரி.

காலையில் மேனேஜர் குரல் உயர்த்தவில்லை.
உயர்த்தியிருந்தால் தேவலை.
"கண்டுபிடிச்சது யாருன்னு எழுத
கட்டம் இல்லையே சார்" என்றேன்.
பலகையைப் பார்த்தார். போனார்.
மறுநாளும் கட்டம் இல்லை.
ஓட்டலில் கொடுத்த பேனா பையில் கிடந்தது.
ஓரத்தில் நானே ஒரு கோடு இழுத்தேன்.
பூல்மணி என்று எழுதி
சரியா என்பதுபோல் அவளைப் பார்த்தேன்.
அவள் பேனாவை வாங்கி
அதன் பக்கத்திலேயே தன் எழுத்தில் எழுதினாள்.
எங்கள் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

இப்போது ஷிப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடம்
எல்லோரும் கண்ணை மூடி நிற்கிறோம்.
பூல்மணி அழுத்துகிறாள்.
சரியா, டீலாவா?
திம்மராயன் பத்துக்குப் பத்து; அந்தத் திமிர் வேறு.
நான் பத்துக்கு நாலு.
லீடருக்கு இன்னொரு தரம் என்று
சிரிக்காமல் சொல்கிறாள், தமிழில்.

நேற்று மேனேஜர் அந்த வழியாக வந்தார்.
பன்னிரண்டு பேர், மூடிய கண்கள்.
ஏதோ சாமி கும்பிடுகிறோம் என்று நினைத்திருப்பார்,
ஷூ சத்தத்தைக் குறைத்துக்கொண்டு
ஓரமாகப் போனார்.