பெண்டஹாரி

மின்தூக்கிக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில்
நான்கு மொழியில் என் பதவி.
வசிப்போர் குழு, புளோக் 317.
தமிழில் பொருளாளர், மலாயில் பெண்டஹாரி.
வேறு யாரும் கை தூக்கவில்லை,
ஆகவே ஏகமனதாக.

ரோஸ்லான் ஒப்படைத்தவை:
மைலோ டின், பாதி கிழிந்த ரசீதுப் புத்தகம்,
எந்தப் பூட்டுக்கு என்று அவருக்கே நினைவில்லாத ஒரு சாவி.
"பதினான்கு வெள்ளி அறுபது காசு குறையும்" என்றார்,
மழை வரும் என்று சொல்வதுபோல.

இரவு அந்தச் சொல்லை உரித்துப் பார்த்தேன்.
உள்ளே பண்டாரம் இருந்தது.
நம் கோயிலிலும் கடையிலும் புழங்கிய சொல்தான்.
எந்தக் கப்பலில் ஏறியதோ,
மலாய் உடுத்திக்கொண்டு அரண்மனைக்குள் போய்விட்டது.
கடைசி எழுத்தில் 'ஆ' வாய்த்தவன் பெண்டஹாரா, முதலமைச்சன்.
'இ' வாய்த்தவனுக்குக் கிடங்கு:
அரிசி, துணி, துறைமுகத்து ஆட்கள்,
அரசன் உண்டு எழுந்த தட்டு.

ஞாயிறு காலை கேனிங் கோட்டைக் குன்று ஏறினேன்.
ஒரு காலத்தில் யாரும் ஏறக்கூடாத குன்று.
இன்று ஒரு மணப்பெண், கவுனைத் தூக்கிப் பிடித்தபடி
புகைப்படக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.
அகழ்ந்த குழியில் சீனத்து ஓட்டுச்சில்லுகள்.
கிடங்கு எங்கே இருந்தது என்று பலகை சொல்லவில்லை.
நானாக ஓர் இடம் ஒதுக்கினேன்,
குடிநீர்க் குழாய் நிற்கும் மேட்டில்.
அங்கே அவனை உட்காரவைத்து
முன்னால் வெள்ளீயக் கட்டிகளை அடுக்கினேன்,
இருவாச்சி அலகுகளை, வாசனைக் கட்டைகளை.
ஓலையில் எழுதினானா, கயிற்றில் முடிச்சிட்டானா?
ஈரக்காற்று எல்லாக் கணக்கையும் தின்றுவிட்டது.
அறுநூறு வருடத்துக்கு மேலாகத் தணிக்கை நிலுவை.

பிறகு அந்தச் சொல் இறங்கத் தொடங்கியது.
வெள்ளைக்காரன் கப்பலில் பண்டாரி என்றால் சமையல்காரன்,
லஸ்கர்களுக்குப் பருப்பு கிண்டுகிறவன்.
நம்மிடையே பண்டாரம் என்றால்
வாசலில் நின்று கை நீட்டுகிறவர்.
சாவியிலிருந்து கரண்டிக்கு,
கரண்டியிலிருந்து திருவோட்டுக்கு,
கடைசியில் மைலோ டின்னுக்கு.

குன்றைப் பற்றி ஒரு கதையும் உண்டு.
பகைவன் வந்த நாளில்
உள்ளிருந்து வழிவிட்டவன் கிடங்குக்காரனாம்.
நிறைந்த கிடங்கைக் காலி என்றானாம்.
அதற்கு முன், அவன் மகளை அரசன் கொன்றிருந்தான்.
அதை எந்தப் பற்றில் எழுதுவது என்று
அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.
அரிசி மண்ணாயிற்று, அவன் கல்லானான் என்பார்கள்.
அரசனைக் கல்லாக்கக்
கதைக்கு மனம் வரவில்லை.

திங்கள் இரவு காப்பிக்கடையில் ரோஸ்லானைப் பிடித்தேன்.
"அந்தப் பதினான்கு வெள்ளி?"
தே ஓவை ஆற்றினார். "ஆலம்" என்றார்.
நம் புளோக்கைக் கூட்டும் ஆலம்.
குப்பைத்தொட்டி மூடியில் விரல் நசுங்கிய இரவு,
டாக்சி, மருத்துவமனை.
ரத்தத்தைப் பார்த்ததில் ரசீது மறந்துவிட்டது.

ரசீது இல்லாத செலவு, விதிப்படி, செலவே இல்லை.
என் பையிலிருந்து போட்டுவிடலாம்.
போட்டால் கணக்கு நேராகிவிடும்.
ஆலமின் விரல் மட்டும்
எந்த ஏட்டிலும் இருக்காது.

எழுதினேன்:
டாக்சி. ஆலம். வலது கை, இரண்டு விரல். 14.60.
ரசீது இல்லை.
கையெழுத்தைத் தமிழில் போட்டேன்.
பதவியை மட்டும் மலாயில்.

வியாழக்கிழமை தணிக்கை.
மேடம் குவேக் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவார்.
அந்தச் சாவியை இன்று
தபால் பெட்டியில் நுழைத்துப் பார்த்தேன்.
அதற்கும் இல்லை.